விளக்கொளியின் ஏற்ற இறக்கங்கள்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் லேசரைப் பற்றி எழுதியபோது, "லேசரின் ஒளி ஒழுங்கானது, விளக்கின் ஒளியோ ஒழுங்கற்றது" என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தாம் இம்முறை அதிகம். ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒன்றையே கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஒழுங்கற்ற ஒளி என்றால் பல நிறங்கள் கலந்த ஒளி என்று புரிந்துகொள்ளலாமா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: கூடாது. நிறக்கலப்பு வேறு, ஒழுங்கின்மை வேறு. தெருவோரத்தில் மஞ்சளாக எரியும் சோடியம் விளக்கின் ஒளியிலிருந்து ஒரே ஒரு நிறத்தை வடிகட்டி எடுத்தாலும் அது ஒழுங்கற்ற ஒளியாகவே இருக்கும். விளக்குக்குள் இருக்கும் கோடானுகோடி அணுக்களில் ஒவ்வொன்றும் மற்றொன்றைக் கேளாமல் தன்போக்கில் ஒளியை உமிழ்கிறது. ஓர் அணுவின் அலை மேட்டில் இருக்கும் நொடியில் அடுத்த அணுவின் அலை பள்ளத்தில் இருக்கலாம். நம்மை வந்து சேர்வது இவை அனைத்தின் கூட்டல். தற்செயலாக மேடுகள் பல ஒன்றுசேர்ந்தால் ஒளி ஓங்கும். மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தின்றுவிட்டால் ஒளி ஏறக்குறைய அணைந்தே போகும். கல்யாண மண்டபத்தில் நூறு பேர் தனித்தனியே பேசிக்கொண்டிருக்கும்போது எழும் இரைச்சல் ஒரே அளவில் நிற்பதில்லை அல்லவா, அதுபோல.

இந்த ஏற்ற இறக்கம் சிறிதென்று நினைத்துவிட வேண்டாம். ஒளியின் சராசரிச் செறிவை, அதாவது வலிமையை, 1 என்று வைத்துக்கொண்டால், ஏதேனும் ஒரு கணத்தில் செறிவு அதில் பாதிக்கும் கீழே கிடப்பதற்கான வாய்ப்பு 39 சதவீதம். சராசரியைப் போல இரு மடங்கைத் தாண்டி நிற்பதற்கான வாய்ப்பு 13.5 சதவீதம், ஐந்து மடங்கைத் தாண்டுவதற்குக்கூட 0.7 சதவீத அளவுக்கு வாய்ப்பு உண்டு. எல்லா மதிப்புகளிலும் அதிக வாய்ப்புடையது எது என்று கேட்டால், விடை பூஜ்யம்! எரிந்துகொண்டிருக்கும் விளக்கு அடிக்கடி இருந்துவிட விரும்பும் நிலை இருட்டுதான் என்பது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

இத்தனை ஆட்டமும் கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணம் வேகம். குறைந்த அழுத்தத்தில் எரியும் பாதரச விளக்கின் ஒரு நிறக்கோட்டில் இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு நானோ வினாடிக்கு ஒருமுறை, அதாவது வினாடியை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குக்கு ஒருமுறை, நிகழ்கிறது. வடிகட்டாத சூரிய ஒளியிலோ அந்த நானோ வினாடியை மேலும் பத்து லட்சமாகப் பிரித்த பங்கில் சிலவற்றுக்குள் எல்லாம் மாறிவிடுகிறது. நன்றாக இயங்கும் ஒற்றை அதிர்வெண் லேசரில் இந்தச் செறிவு ஆட்டம் கிட்டத்தட்ட இல்லை. நம் பள்ளிப் பாடநூல்கள் "ஓரியல் ஒளி" என்று அழைப்பது அதைத்தான்.

கேள்வி: "கேயாஸ்" கோட்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? ஆங்கில நூல்களில் இரண்டுக்கும் ஒரே சொல்லையே பார்க்கிறேன்.
– வாசகர், புதுச்சேரி

பதில்: சொல் ஒன்று, பொருள் வேறு. தொடக்கத்தில் இம்மியளவு மாறினால் முடிவு அடியோடு மாறிவிடும் அமைப்புகளைப் பற்றியது கேயாஸ் கோட்பாடு. அதற்கு அந்தப் பெயர் நிலைத்தது 1970களில். ஒளியியலில் இச்சொல்லை அமெரிக்க இயற்பியலாளர் ராய் கிளௌபர் 1963 வாக்கிலேயே கையாண்டுவிட்டார். இங்கே அது ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல மூலங்களின் கூட்டலைக் குறிக்கிறது, அவ்வளவே.

கேள்வி: விளக்கொளி இப்படித் துள்ளிக் குதிப்பது உண்மையானால், அதை வாங்கிக்கொள்ளும் பொருளுக்கு அது தெரிய வேண்டாமா? சோலார் பலகையோ இலையோ சராசரியை மட்டும்தானே பார்க்கிறது?
– ஓய்வுபெற்ற பொறியாளர், சேலம்

பதில்: கடிதங்களிலேயே கூர்மையான கேள்வி இது. வாங்கும் பொருள் ஒரு நேரத்தில் எத்தனை ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, கேட்கிறது என்பதைப் பொறுத்தே இதன் விடை அமையும்.

சோலார் பலகையில் ஒரு எலக்ட்ரானை எழுப்ப ஒரு ஃபோட்டான் போதும். அப்படிப்பட்ட செயலின் வேகம் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். செறிவு இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும், பாதியானால் பாதியாகும். மேலே போனதும் கீழே போனதும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், நீண்ட நேரக் கணக்கில் சராசரி மட்டுமே மிஞ்சுகிறது. ஒரே நிறப்பரவலும் ஒரே சராசரிச் செறிவும் உடைய விளக்கொளியும் லேசர் ஒளியும் இந்தப் பலகைக்கு ஒன்றுதான். இலையின் பச்சையம் ஒளியை உறிஞ்சுவதும், பழைய புகைப்படச் சுருளில் படிவதும், கண்ணின் விழித்திரையில் நிகழ்வதும் இவ்வகையே.

ஆனால் இரண்டு ஃபோட்டான்களை ஒரே நேரத்தில் விழுங்கினால்தான் அசையும் அணுக்களும் உண்டு. இது இயலும் என்பதை மரியா கோப்பெர்ட் மேயர் 1931இல் வெளியான தம் முனைவர் பட்ட ஆய்வில் கணக்கிட்டுக் காட்டினார். அதைச் செய்து காட்டும் அளவுக்குச் செறிந்த ஒளி அன்று இல்லை. லேசர் பிறந்த மறு ஆண்டு, 1961இல், கைசரும் கேரட்டும் யுரோப்பியம் கலந்த கால்சியம் ஃபுளூரைடு படிகத்தில் அதைக் கண்டார்கள். இந்த இரு ஃபோட்டான் செயலின் வேகம் செறிவின் வர்க்கத்தைப் பொறுத்தது. சராசரியை மட்டும் வைத்து இதற்குக் கணக்குப் போட முடியாது.

ஒரு சிறு கூட்டலைச் செய்து பாருங்கள். மூன்று கணங்களில் செறிவு 1, 1, 1 என்று சீராக இருந்தால் மொத்தம் 3. வர்க்கங்களின் மொத்தமும் 3. அதே செறிவு 0, 1, 2 என்று ஆடினால் மொத்தம் அதே 3தான். ஆனால் வர்க்கங்களின் மொத்தம் 5. மூன்றும் ஒரே கணத்தில் வந்து மற்ற இரண்டும் வெறுமையாகப் போனால் வர்க்கம் 9. வாங்கிய வெளிச்சம் ஒன்றே, விளைவு மூன்று மடங்கு வரை மாறுகிறது. முதல் பதிலில் சொன்ன வாய்ப்புகளின் பரவலைக் கொண்டு கணக்கிட்டால், ஒழுங்கற்ற ஒளியில் இரு ஃபோட்டான் உறிஞ்சுதல், அதே சராசரிச் செறிவுடைய ஓரியல் ஒளியில் நிகழ்வதைப் போல மிகச் சரியாக இரு மடங்கு நிகழும். மூன்று ஃபோட்டான்களைக் கேட்கும் செயல் ஆறு மடங்கும், நான்கைக் கேட்கும் செயல் இருபத்து நான்கு மடங்கும் கூடும். கேட்கும் ஃபோட்டான்களின் எண்ணிக்கை வரை 1, 2, 3 என்று பெருக்கிக்கொண்டே போக வேண்டியதுதான்.

இதன் உச்சத்தைப் பார்க்க விரும்பியவர்கள் பிரான்சின் சாக்லே ஆய்வு மையத்தில் இருந்தார்கள். செனான் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க 12.13 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். 1.06 மைக்ரான் அலைநீளமுடைய நியோடிமியம் லேசரின் ஒரு ஃபோட்டானிலோ 1.17 எலக்ட்ரான் வோல்ட்தான் இருக்கிறது. பதினொன்று சேர்ந்தால்தான் காரியம் நடக்கும். 1970களின் நடுவில் இக்குழுவினர் முதலில் ஒரே அதிர்வெண் முறைமையில் (லேசருக்குள் அலை ஆடக்கூடிய ஒரு தனி வகையில்) இயங்கும் லேசரையும், பிறகு ஏறத்தாழ நூறு முறைமைகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி ஒரே நேரத்தில் இயங்கும் லேசரையும் செனான் மீது பாய்ச்சி ஒப்பிட்டார்கள். தொடர்பற்ற நூறு முறைமைகளின் கூட்டல் ஏறக்குறைய ஒழுங்கற்ற ஒளியே. 1 முதல் 11 வரை பெருக்கினால் 3 கோடியே 99 லட்சத்து 16 ஆயிரத்து 800 வரும். முறைமைகள் முடிவிலி அல்ல, நூறுதான் என்பதால் கோட்பாடு எதிர்பார்த்தது இதைவிடச் சற்றுக் குறைவு. சோதனையில் கிடைத்த பெருக்கம் ஒரு கோடியை நெருங்கியது. சராசரிச் செறிவை மாற்றவே இல்லை. ஒழுங்கைக் குலைத்ததற்கே இவ்வளவு! "தரம் குறைந்த" ஒளி "தரமான" ஒளியை இப்படி வென்ற இடம் இயற்பியலில் வேறெங்கும் எனக்கு நினைவில்லை.

கேள்வி: இலைகளில் ஒளிச்சேர்க்கை "குவாண்டம் ஒத்திசைவால்" நடக்கிறது என்று சில ஆண்டுகளுக்கு முன் செய்தி வந்ததே, அது சூரிய ஒளிக்கும் பொருந்துமா?
– தாவரவியல் ஆசிரியை, தென்காசி

பதில்: அந்தச் செய்தியின் மூலம் 2007இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு குழு செய்த ஆய்வு. அவர்கள் எடுத்துக்கொண்டது இலையை அல்ல, பச்சை கந்தக பாக்டீரியாவின் ஒரு புரதத் தொகுதியை. அதுவும் 77 கெல்வின் குளிரில். அதன் மீது மிகக் குறுகிய ஃபெம்டோ வினாடி லேசர் துடிப்புகளைச் செலுத்தியபோது, குவாண்டம் ஒத்திசைவின் அடையாளமாகக் கருதப்பட்ட அதிர்வுகள் தெரிந்தன. துடிப்பு லேசர், மைதானத்தில் விசில் ஊதுவதைப் போல, எல்லா மூலக்கூறுகளையும் ஒரே கணத்தில் கிளப்பிவிடும். சூரிய ஒளிக்கு அப்படி ஒரு தொடக்கக் கணமே கிடையாது. ஒவ்வொரு மூலக்கூறும் ஏதோ ஒரு நேரத்தில் ஒரு ஃபோட்டானைப் பெறுகிறது. ஆகவே துடிப்பு லேசரில் கண்டதை வெயிலில் நிற்கும் உயிர்மீது அப்படியே ஏற்றிச் சொல்லக் கூடாது என்று பலர் எச்சரித்தார்கள். அந்த அதிர்வுகளில் பெரும்பங்கு மூலக்கூறுகளின் சாதாரண அசைவுகளிலிருந்து வந்தவை என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. வகுப்பில் சொல்வதானால் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: விளக்கிலிருந்து ஃபோட்டான்கள் கூட்டமாக வரும் என்கிறார்கள். தனித்தனி அணுக்களிலிருந்து வரும் ஃபோட்டான்களுக்கு ஒன்றையொன்று எப்படித் தெரியும்?
– முதுகலை மாணவர், மதுரை

பதில்: இதே கேள்வியைக் கேட்டு 1956இல் பெரிய பெரிய இயற்பியலாளர்களே சண்டை போட்டார்கள். ஆகவே கவலைப்பட வேண்டாம்.

சண்டையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் நம் நீலகிரி மாவட்டத்து அருவங்காட்டில் 1916இல் பிறந்த ராபர்ட் ஹான்பரி பிரவுன். தொழில்முறையில் அவர் ரேடார் பொறியாளர். ரேடியோ வானியலுக்கு அங்கிருந்து வந்தவர். நட்சத்திரத்தின் அளவை அளக்க, இரண்டு இடங்களில் விழும் அலைகளை ஒன்றுசேர்த்துப் பார்க்க வேண்டியதில்லை, இரண்டு இடங்களிலும் செறிவு எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத் தனித்தனியே பதிந்து ஒப்பிட்டாலே போதும் என்பது அவருடைய எண்ணம். கணிதத்தைப் பார்த்துக்கொண்டவர் ரிச்சர்ட் ட்விஸ். இருவரும் ஒரு பாதரச விளக்கின் ஒளியைப் பாதி பூசிய கண்ணாடியால் இரண்டாகப் பிரித்து, ஒளியை மின்னோட்டமாக மாற்றும் இரு ஒளிப்பெருக்கிக் குழாய்களில் விழச் செய்தார்கள். ஒன்றில் மின்னோட்டம் சற்று ஏறும்போது மற்றதிலும் ஏறும் போக்கு தெரிந்தது. பிறகு இங்கிலாந்தின் ஜோட்ரெல் பேங்கில், இரு ராணுவத் தேடொளிக் கண்ணாடிகளை வைத்துக்கொண்டு சிரியஸ் நட்சத்திரத்தின் கோண விட்டத்தை அளந்தார்கள். கிடைத்தது 0.0063 வில்வினாடி. ஒரு பாகையை 3,600ஆகப் பிரித்த பங்கு ஒரு வில்வினாடி என்பதை நினைவில் கொண்டால், இதன் நுட்பம் புரியும்.

எதிர்ப்புக் கிளம்பியது. ஒரு ஃபோட்டான் ஓர் அணுவிலிருந்து வருகிறது, அடுத்தது வேறோர் அணுவிலிருந்து வருகிறது, இரண்டும் எப்படிச் சோடி சேரும் என்று கேட்டார்கள். வேறு ஆய்வகங்களில் செய்து பார்த்தும் தெரியவில்லை என்றார்கள். அந்தக் கருவிகளின் நுட்பம் இதைக் காணப் போதாது என்பதை எட்வர்ட் பர்செல் அதே ஆண்டில் சுருக்கமாக விளக்கிவிட்டார்.

அலைகளை வைத்துப் பார்த்தால் இதில் புதிரே இல்லை. பிரிக்கும் முன்பே ஒளியின் செறிவு ஆடிக்கொண்டிருந்தது. பிரித்த இரு பாதிகளும் அதே ஆட்டத்தைச் சுமந்துகொண்டு போகின்றன. ஃபோட்டான்களை வைத்துச் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம். முதல் அணுவின் ஃபோட்டான் முதல் குழாய்க்கும் இரண்டாம் அணுவின் ஃபோட்டான் இரண்டாம் குழாய்க்கும் போகலாம். அல்லது மாறிப் போகலாம். எது நடந்தது என்பதை அறிய எந்த வழியும் இல்லாதபோது குவாண்டம் விதிப்படி இரு வழிகளின் வீச்சுகளையும் (வர்க்கம் கண்டால் வாய்ப்பைத் தரும் எண்களையும்) முதலில் கூட்டி, அதன் பிறகே வர்க்கம் காண வேண்டும். ஃபோட்டான்களுக்கு இந்தக் கூட்டல் இரு வழிகளையும் ஒன்றுக்கொன்று வலுவாக்குகிறது. அதனால் இரண்டும் சேர்ந்து வரும் வாய்ப்பு இரட்டிக்கிறது. ஃபோட்டான்கள் ஒன்றையொன்று அறிந்திருக்கவில்லை. எது எவருடையது என்ற அடையாளம் அவற்றுக்கு இல்லை என்பதே காரணம். டாக்காவில் பணியாற்றிய சத்தியேந்திரநாத் போஸ் 1924இல் ஃபோட்டான்களை எண்ணும் முறையை மாற்றியதும் இந்த அடையாளமின்மையின் அடிப்படையில்தான்.

ஹான்பரி பிரவுன் பிறகு ஆஸ்திரேலியாவின் நாராப்ரிக்கு அருகில், 188 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தண்டவாளத்தின் மீது இரு பெருங்கண்ணாடிகளை ஓடவிட்டு 32 நட்சத்திரங்களின் அளவைக் கண்டார். கோட்பாட்டுப் பக்கத்தில், ஒளியின் இந்தப் புள்ளியியலை முழுமையான குவாண்டம் மொழியில் எழுதியவர்கள் 1963இல் கிளௌபரும் ஜார்ஜ் சுதர்சனும். கோட்டயத்துக்கு அருகிலுள்ள பள்ளம் சுதர்சனின் ஊர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர், பின்னாளில் சென்னை கணித அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும் இருந்தவர். 2005ஆம் ஆண்டு நோபல் பரிசில் பாதி கிளௌபருக்குப் போனது, சுதர்சனுக்கு இல்லை. அவர் அதை வெளிப்படையாகவே ஆட்சேபித்தார். கிளௌபரின் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் இன்று ஒழுங்கற்ற ஒளியைக் கையாளும் எவரும் காகிதத்தில் முதலில் எழுதுவது அவர்கள் இருவரின் பெயரையும் தாங்கிய அந்தக் கணித வடிவத்தைத்தான். இதில் சுதர்சனின் பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: ஒழுங்கற்ற ஒளிக்கு அணுக்களைத் தள்ளும் வலிமை உண்டா? லேசரால்தான் முடியும் என்று படித்தேன்.
– பாலிடெக்னிக் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: உண்டு, லேசருக்கு 27 ஆண்டுகள் முன்பே அது நிரூபிக்கப்பட்டுவிட்டது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 1933இல் ஓட்டோ ஃபிரிஷ், வெற்றிடத்தில் பாயும் மெல்லிய சோடியம் அணுக்கற்றையின் பக்கவாட்டில் சாதாரண சோடியம் விளக்கின் ஒளியைப் பாய்ச்சினார். ஒரு ஃபோட்டானை விழுங்கினால் சோடியம் அணுவின் வேகம் வினாடிக்கு 3 சென்டிமீட்டர் மாறும். அணுவோ வினாடிக்குப் பல நூறு மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே கற்றை மயிரிழைக்கும் குறைவாகவே விலகியது. அதையும் அவர் பார்த்துவிட்டார். அந்த ஆண்டே நாஜிகளின் சட்டத்தால் வேலையிழந்து நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

ஒவ்வொரு ஃபோட்டானும் உறிஞ்சப்படும்போதும் உமிழப்படும்போதும் அணுவை ஒரு திசையில் உந்துகிறது என்று 1916-17இல் சொன்னவர் ஐன்ஸ்டைன். வெப்பக் கதிர்வீச்சுக்கு நடுவே ஓடும் அணுவுக்கு எதிர்த்திசையிலிருந்து வரும் ஒளி சற்றே அதிர்வெண் கூடியும் பின்னாலிருந்து வருவது குறைந்தும் தெரியும். அதனால் அணுவுக்கு உராய்வு போன்றதொரு தடை உண்டாகிறது. அதே நேரத்தில் தாறுமாறான உந்தல்கள் அதை அசைத்துக்கொண்டும் இருக்கின்றன. தடையும் அசைவும் சமன்பட்டு, வாயுவுக்கு உரிய சரியான வெப்பநிலை கிடைக்க வேண்டுமானால் ஃபோட்டானுக்குத் திசையுள்ள உந்தம் இருந்தே தீர வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. நீரில் மிதக்கும் மகரந்தத் துகளை மூலக்கூறுகள் அலைக்கழிப்பதை 1905இல் கணக்கிட்டவர், இங்கே தண்ணீருக்குப் பதில் வெளிச்சத்தை வைத்தார்.

கேள்வி: கதவை அடைத்து விளக்கையும் அணைத்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே?
– இல்லத்தரசி, காரைக்குடி

பதில்: இருக்கிறது அம்மா. நீங்கள் அடைத்த அறையின் சுவர், தரை, கட்டில் எல்லாமே அகச்சிவப்புக் கதிரை வீசிக்கொண்டிருக்கின்றன. கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது ஒன்றுதான் வேறுபாடு. வெப்பம் சீராகப் பரவிய சூளைக்குள் சிறு துளை வழியே பார்த்தவர்களுக்குத் தெரியும்: உள்ளே இருக்கும் பானைக்கும் சுவருக்கும் விளிம்பு தெரியாது, எல்லாம் ஒரே செம்மையாக ஒளிரும். உங்கள் இருட்டறையும் 27 பாகை செல்சியஸில், அதாவது 300 கெல்வினில், எரியும் ஒரு சூளையே. அதன் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் எந்நேரமும் ஏறத்தாழ 55 கோடி ஃபோட்டான்கள் இருக்கின்றன.

இவற்றின் மின்புலம் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக ஆடுவதால் அதன் சராசரி பூஜ்யம். ஆனால் வர்க்கத்தின் சராசரி பூஜ்யம் அல்ல. அந்தச் சராசரியின் வர்க்கமூலம் சென்டிமீட்டருக்கு 8.3 வோல்ட். அணுவின் ஆற்றல் நிலைகள் மின்புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இடம்பெயர்பவை. ஆகவே இருட்டறையில் கிடக்கும் ஒவ்வோர் அணுவின் ஆற்றல் நிலையும் அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை!

இதை முதலில் கவனிக்க வேண்டிய கட்டாயம், எலக்ட்ரான் மிகத் தொலைவில் சுற்றும் ரிட்பெர்க் அணுக்களை ஆராய்ந்தவர்களுக்கு வந்தது. 30ஆம் நிலையைச் சுற்றிய ஆற்றல் படிகளுக்கிடையே உள்ள இடைவெளி ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் அலைநீளத்துக்கு ஈடானது. 300 கெல்வினில் அந்த அலைநீளத்தில் ஒவ்வொரு புல முறைமையிலும், அதாவது புலம் ஆடக்கூடிய ஒவ்வொரு தனி வகையிலும், ஏறத்தாழ 25 ஃபோட்டான்கள் குவிந்திருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, சூரியனின் மேற்பரப்பு வெப்பத்தில்கூடப் பச்சை ஒளியின் ஒரு முறைமையில் சராசரி ஃபோட்டான் எண்ணிக்கை நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் அந்த அணுக்கள் தாமாக இறங்குவதற்குள் அறையின் வெப்பமே அவற்றைப் பக்கத்துப் படிகளுக்கு மேலும் கீழும் தள்ளிவிடுகிறது. தாம் கணித்த ஆயுட்காலம் சோதனையில் ஏன் குறைந்து தெரிகிறது என்பதை காலகரும் குக்கும் 1979இல் இப்படித்தான் விளக்கினார்கள். நிலைகளின் இடப்பெயர்ச்சியை ஹால்பெர்கும் ஜான் ஹாலும் 1984இல் ருபிடியம் அணுவில் நேரடியாக அளந்தார்கள். அது இரண்டாயிரத்து சொச்சம் ஹெர்ட்ஸ். கிளௌபரோடு 2005இல் நோபலைப் பகிர்ந்தவர்களில் இந்த ஹாலும் ஒருவர்.

இதனால் யாருக்கு நட்டம் என்று கேட்டால், கடிகாரம் செய்பவர்களுக்கு. ஒரு வினாடி என்பது சீசியம் அணுவின் 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 அதிர்வுகள் என்று 1967இல் வரையறுத்தார்கள். அறை வெப்பம் அந்த அதிர்வெண்ணை நூறு லட்சம் கோடியில் 1.7 பங்கு குறைத்துவிடுகிறது. ஏறத்தாழ 19 லட்சம் ஆண்டுகளில் ஒரு வினாடிப் பிழை என்றால் நமக்குச் சிரிப்பு வரும்; அவர்களுக்கு வராது. 1997இல், வரையறை 0 கெல்வினில் இருக்கும் சீசியம் அணுவைக் குறிக்கும் என்று தெளிவுபடுத்தினார்கள். அந்த வெப்பநிலைக்கு எவரும் போக முடியாது என்பதால், இருக்கும் வெப்பத்தை அளந்து கணக்கில் கழிக்கிறார்கள். இன்றைய ஸ்ட்ரான்சியம் ஒளிக் கடிகாரங்களில் இந்தப் பெயர்ச்சி, 429 லட்சம் கோடி ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 2.3 ஹெர்ட்ஸ். வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் அது மாறுவதால், அணுக்களைச் சூழ்ந்த சுவரின் வெப்பத்தைப் பாகையில் நூறில் ஒரு பங்கு நுட்பத்தோடு அறிய வேண்டியிருக்கிறது.

கேள்வி: அப்படியானால் விண்வெளியின் நடுவே, எந்தச் சுவரும் இல்லாத இடத்தில்?
– பள்ளி மாணவன், நாகப்பட்டினம்

பதில்: அங்கும் கன சென்டிமீட்டருக்கு 411 ஃபோட்டான்கள் உண்டு; 2.725 கெல்வின் வெப்பமுடைய பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சு அது. இதை 1965இல் பென்சியாசும் வில்சனும் ரேடியோ அலைவாங்கியால் கண்டார்கள் என்பது உன் பாடப்புத்தகத்தில் இருக்கும். அதற்கு 24 ஆண்டுகள் முன்பே ஒரு மூலக்கூறு இதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. விண்மீன்களுக்கிடையே உள்ள வாயுவில் சயனோஜன் மூலக்கூறுகளில் சில, சுழலாமல் கிடக்க வேண்டியவை, ஒரு படி மேலே சுழன்றுகொண்டிருந்தன. அந்தப் படிக்கு ஏற 2.64 மில்லிமீட்டர் அலை வேண்டும். எவ்வளவு பங்கு ஏறியிருக்கிறது என்பதிலிருந்து கனடாவின் ஆண்ட்ரூ மெக்கெல்லர் 1941இல் 2.3 கெல்வின் என்று கணக்கிட்டார். அந்த எண்ணின் பொருள் அன்று எவருக்கும் உறைக்கவில்லை.

கேள்வி: இவற்றில் எதையாவது வீட்டில் கண்ணால் பார்க்க முடியுமா?
– பலர்

பதில்: நேரத்தில் நிகழும் ஆட்டத்தைப் பார்க்க முடியாது, இடத்தில் விரித்து வைத்ததைப் பார்க்கலாம். இரவில் அறையை இருட்டாக்கிவிட்டு, மேடையில் பேசுவோர் கையில் வைத்திருக்கும் சிவப்பு லேசரைச் சுண்ணாம்பு அடித்த சுவரின் மீது அடியுங்கள். எவர் கண்ணிலும் படக் கூடாது, கண்ணாடியின் மீதும் அடிக்கக் கூடாது. புள்ளியை விரிக்க அதன் முன்னே கலங்கலான பிளாஸ்டிக் தாள் ஒன்றைப் பிடியுங்கள். சுவரில் விழும் ஒளி சீராக இராது. ரவையைக் கொட்டி வைத்தாற்போலக் கறுப்பும் சிவப்புமாக மணி மணியாகத் தெரியும். தாளின் சொரசொரப்பு லேசர் ஒளியை எண்ணற்ற துண்டுகளாக்கி ஒழுங்கைக் கலைத்துவிட்டது; கறுப்பு மணிகள் அந்தத் துண்டுகள் ஒன்றையொன்று தின்ற இடங்கள். முதல் பதிலில் சொன்ன அதே பரவல்தான் இங்கேயும், சற்றும் மாறாமல். தாளை மெல்ல நகர்த்தினால் மணிகள் கொதிப்பதுபோல அசையும். 1964இல் மார்ட்டின்சனும் ஸ்பில்லரும் இதையே சுழலும் தேய்த்த கண்ணாடித் தட்டைக் கொண்டு செய்து, தட்டின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வேண்டிய வேகத்தில் ஆடும் ஒழுங்கற்ற ஒளியை உண்டாக்கினார்கள். மாணவர் ஆய்வகங்களில் இன்றும் அந்தத் தட்டு சுழல்கிறது.

கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டும் பாருங்கள். சுவரின் விளிம்பு மங்கினாலும் மணிகள் மங்காது. தலையை மெல்ல வலப்பக்கம் நகர்த்தும்போது மணிகள் இடப்பக்கம் ஓடினால் உங்களுக்குக் கிட்டப்பார்வை. உங்களோடு சேர்ந்தே வலப்பக்கம் வந்தால் தூரப்பார்வை.